கண் கெட்ட பின்னா?



பால் வெட்டும் தொழிலாளிக்குக் கத்தி முதற்கருவியன்று, கண்ணே முதற்கருவி. கத்தி சற்றே ஆழப் போனாலும் மரம் காயப்படும். கேமரன் மலைத் தேயிலைக் காட்டில், மூடுபனிக்கிடையே கொழுந்தையும் முற்றலையும் பிரித்தறிவதும் கண்ணே. செக்ரோலில் கூலிக் கணக்கு எழுதும் கிராணிக்கும் அதுவே பிழைப்பு.

அந்தக் கண்ணை ஓசையின்றித் தின்னும் நோய் ஒன்று உண்டு. நீரிழிவால் வரும் விழித்திரை நோய்தான் அது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, விழித்திரையின் மெல்லிய குழாய்களைக் கெடுக்கிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன, பின்னர் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து உடைகின்றன. தொடக்கத்தில் வலி இல்லை. பார்வையும் தெளிவாகவே இருக்கும். ஏமாற்றம் இங்கேதான்!

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியரிடையேதான் அது மிகுதி. நோயுற்ற ஐவரில் இருவர் அதனை அறியவே இல்லை. சென்னையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு, நீரிழிவாளரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பழுதுபட்டிருந்ததாகக் கூறுகிறது.

மருத்துவம் இல்லாமலில்லை. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கினால் நோய் தாமதப்படும். முற்றினால் லேசர் ஒளிச்சிகிச்சை உண்டு. கண்ணுக்குள் போடும் ஊசியும், அறுவையும் உண்டு. ஆனால் லேசர் இருக்கும் பார்வையைக் காப்பதற்கே. போனதைத் திருப்பித் தருவதற்கன்று. ஆகவே நீரிழிவு உள்ளவர் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டுவது அதற்கு ஈடாகாது.

"ஒருநாள் கூலி போய்விடுமே" என்கிறார்கள். நியாயமான அச்சம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18, 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது. ஆனால் அது நோயாளி என்று மருத்துவர் சான்று தந்தவருக்கு. வலியில்லாத கண்ணைக் காட்ட மலையிறங்கிப் போகிறவரின் கதி என்ன? கூட்டு ஒப்பந்தம் பேசும்போது, நீரிழிவாளருக்கு ஆண்டுக்கு ஒருநாள் சம்பளத்துடன் கண் பரிசோதனை என்று எழுதிப் பெறுவோம். நிர்வாகத்திற்கு ஒரு நாள். தொழிலாளிக்கு ஆயுள் முழுவதும்!

நம் கடமையும் உண்டு. டின்பாலும் சர்க்கரையும் கலந்த தேநீரைக் குறையுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கத்து லயத்துப் பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? இன்றே புறப்படுவோம்!