குதிரை மேலே நீதி, லாயத்திலே யார்?

ஒரு ஆட்சி தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை அதன் அரசியல் சட்டத்தில் படிக்கலாம். அது உண்மையிலே என்ன என்பதைத் தெரிஞ்சிக்கணும்னா தெருவிலே நிற்கிற போலீசைத்தான் பார்க்கணும். யார் குதிரை மேலே உட்கார்ந்திருக்கிறான், யார் அந்தக் குதிரைக்குப் புல் போடுகிறான், அது யார் மேலே ஏவப்படுகிறது? இந்த மூன்று கேள்வியையும் நாம் நமது சேரிகளில் கேட்டுப் பழகியிருக்கிறோம். இதே கேள்விகளை இன்னொரு நாட்டில், இன்னொரு காலத்தில் வைத்துப் பார்ப்பது இந்த இதழின் தலையங்க நோக்கம்.

1945 மே மாதம் ஹிட்லரின் ஜெர்மனி சரணடைந்தது. நான்கு வல்லரசுகள் அந்த நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. பவேரியா, ஹெஸ்ஸே உள்ளிட்ட தென்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள், இடிந்த நகரங்கள், அகதி முகாம்கள், கள்ளச்சந்தை. சண்டை போட்ட சிப்பாய்களோ வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற ஆட்களை வைத்து இவ்வளவு பெரிய நிலப்பரப்பை அடக்கி ஆள்வதற்கு ஒரு புதுப் படையை உண்டாக்கினார்கள். அதன் பெயர் யு.எஸ். கான்ஸ்டபுலரி. பாதி ராணுவம், பாதி போலீஸ். 1946 ஜூலை 1 அன்று அது வேலையைத் தொடங்கியது. திட்டமிட்ட பலம் 38,000 பேர். தளபதி ஜெனரல் எர்னஸ்ட் ஹார்மன். பயிற்சிப் பள்ளி நடந்த இடம் சோன்ட்ஹோஃபென். நாஜிகள் தங்கள் மேட்டுக்குடித் தலைவர்களை உருவாக்குவதற்காகக் கட்டிய கோட்டை அது. கட்டடத்துக்கு எஜமான் மாறினான், அவ்வளவுதான்.

கழுத்திலே மஞ்சள் துணி, தோளிலே மின்னல் பாயும் வட்டச் சின்னம், மினுக்கிய பூட்ஸ். ஜெர்மானியர்கள் 'மின்னல் போலீஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் படை தனக்கு வைத்துக்கொண்ட முழக்கம் மூன்று சொல்: நகர்வு, விழிப்பு, நீதி.

இந்தப் படையில் ஜீப்பும் கவச வண்டியும் இருந்தன. ரெஜிமெண்டுக்கு ஒரு இலகு டாங்கிக் கம்பெனி, ஒரு மோட்டார் சைக்கிள் பிளட்டூன் இருந்தன. கூடவே ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒரு குதிரைப் பிளட்டூன், முப்பது குதிரைகளோடு. அணுகுண்டு போட்ட ராணுவத்துக்குக் குதிரை எதுக்குன்னு கேட்கலாம். வண்டி போகாத மலைக்காட்டு எல்லையில் ரோந்து சுற்ற என்பது ஒரு காரணம். கூட்டத்தைக் கலைக்க என்பது இன்னொன்று. ஜீப்பில் வருகிறவன் நம்ம உயரத்திலே வருகிறான். குதிரையில் வருகிறவன் நம்ம தலைக்கு மேலே வருகிறான். மனுசன் ஒதுங்கித்தான் ஆகணும். குண்டு செலவில்லாமல் கூட்டத்தைப் பணிய வைக்கிற தந்திரம் அது. உயரத்தை வைத்தே ஆள்வது எப்படி என்பதைச் சாதிக்குப் பிறந்த நாட்டுக்காரர்களான நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தச் சேணத்தில் உட்கார்ந்தது யார்?

கான்ஸ்டபுலரி உருவானபோது அது வெள்ளையர் படை. அன்றைய அமெரிக்க ராணுவம் முழுவதும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. தனிப் பிரிவு, தனிச் சாப்பாட்டுக் கூடம், தனிக் கொட்டகை. ஐரோப்பாவுக்கு வந்த கறுப்பினச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது மூட்டை சுமப்பதும், லாரி ஓட்டுவதும், பிணம் புதைப்பதும்தான். 1944இல் பிரான்ஸில் போர்முனைக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோன 'ரெட் பால்' லாரித் தொடரின் ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பர்கள். எந்த வேலையை யாருக்கு ஒதுக்குவது என்பதில் வெள்ளை ராணுவத்துக்கும் நம்ம ஊர்க் கிராமத்துக்கும் அதிக வித்தியாசமில்லை.

சண்டை போட்ட கறுப்பர்களும் இருந்தார்கள். 761ஆவது டாங்கிப் பட்டாளம். அவர்களுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'கருஞ்சிறுத்தைகள்'. 183 நாள் போர்முனையில் நின்றவர்கள். டாங்கிச் சண்டை தெரிந்த, ஜெர்மன் மண்ணையும் தெரிந்த ஆட்கள். புதுப் படைக்கு ஆள் தேடியவர்களுக்கு இதைவிடத் தகுதி என்ன வேண்டும்? கான்ஸ்டபுலரிக்கான ஆட்களை 1ஆவது, 4ஆவது கவசப் படைப்பிரிவுகளிலிருந்தும் குதிரைப்படைக் குழுக்களிலிருந்தும் எடுத்தார்கள். எல்லாம் வெள்ளையர் பிரிவுகள். 761ஐ ஜெர்மனியிலேயே கலைத்தார்கள். கலைத்த தேதி 1946 ஜூன் 1. கான்ஸ்டபுலரி தொடங்கிய தேதி ஜூலை 1. இடையில் சரியாக ஒரு மாதம். அந்தப் பட்டாளத்துக்குரிய உயர் விருதை வாஷிங்டன் 1978இல்தான் கொடுத்தது. முப்பத்திரண்டு வருசம்!

குதிரை ஏறத் தெரிந்த கறுப்பர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே, 1866இல், 9ஆவது, 10ஆவது குதிரைப்படை ரெஜிமெண்டுகள் கறுப்பர்களைக் கொண்டு அமைக்கப்பட்டன. எண்பது வருசத்துச் சவாரி அனுபவம். 1944இல் இவர்களைக் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அங்கே வைத்துப் படையைக் கலைத்து, ஆட்களைச் சுமைகூலிப் பிரிவுகளுக்குப் பிரித்து விட்டார்கள். குதிரைக்காரன் மூட்டைக்காரன் ஆனான்.

இன்னொன்று. வெள்ளை அதிகாரிகளைத் தயாரிக்கிற வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1907இலிருந்து 1947 வரை மாணவர்களுக்குக் குதிரையேற்றம் பழக்கியது ஒரு கறுப்பினக் குதிரைப்படைப் பிரிவு. லாயத்தைக் கூட்டியதும் அவர்கள்தான். கான்ஸ்டபுலரியின் தளபதி ஹார்மன் அதே கல்லூரியில் 1917இல் தேறிக் குதிரைப்படைக்குப் போனவர். ஆக, கறுப்பர்கள் சவாரி பழக்கிய பள்ளியிலிருந்து வந்தவர் அமைத்த படையில், கறுப்பருக்குச் சேணத்தில் இடமில்லை. கற்றுக்கொடுத்தவன் லாயத்திலே, கற்றுக்கொண்டவன் குதிரை மேலே. ஏகலைவன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஆங்கில அகராதி தேவையில்லை.

படையில் யார் இருக்கிறார்கள் என்பது வெறும் வேலைவாய்ப்புக் கணக்கு இல்லை. தெருவில் யார் சந்தேகத்துக்குரியவர் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் இருந்த கறுப்புச் சிப்பாய், ஊர்க்காரர்களைவிடத் தன் சொந்த ராணுவத்தின் வெள்ளை மிலிட்டரி போலீசுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. எந்த மதுக்கடைக்கு எவன் போகலாம் என்பது எழுதாத சட்டம். கறுப்பர், வெள்ளையர் சேர்ந்து உட்காரும் கடைக்கு 'நுழையக் கூடாது' பலகை. ஜெர்மன் பெண்ணோடு கைகோத்து நடக்கிற கறுப்பன் அவர்கள் கண்ணுக்குக் குற்றவாளி. நாஜி இனவெறியை அழிக்க வந்தோம் என்று சொன்ன படை, தன் கூடாரத்துக்குள்ளேயே ஒரு இரட்டைக் குவளையை வைத்திருந்தது. போர்க்காலத்திலே அமெரிக்கத் தென் மாநிலங்களில் இதைவிடக் கேவலம் நடந்தது. பிடிபட்ட ஜெர்மன் கைதிகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்ட உணவகங்களில், அந்நாட்டுச் சீருடையே போட்ட கறுப்புச் சிப்பாய்க்கு இடம் மறுக்கப்பட்டது. எதிரியானாலும் வெள்ளையன் உள்ளே. தோழனானாலும் கறுப்பன் வெளியே.

ஜெர்மன் பெண்களைச் சிப்பாய்கள் மணக்கக் கூடாது என்ற தடை 1946 டிசம்பரில் நீங்கியது. ஆனால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும். கறுப்புச் சிப்பாய் மனு கொடுத்தால் கையெழுத்து வராது. இடமாற்ற உத்தரவு வரும். 1955 வரைக்குமான பத்தாண்டுகளில் இப்படிக் கறுப்புத் தகப்பனுக்கும் ஜெர்மன் தாய்க்கும் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய 5,000. தகப்பனைக் கப்பலேற்றிவிட்டுக் குழந்தையைப் பார்த்து 'அநாதை' என்றார்கள். கலப்பு மணத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது 1967இல்தான். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அண்ணல் சொன்னது நிறவெறிக்கும் பொருந்தும். ரத்தத்தைக் காக்கிற வேலையில் அங்கேயும் காக்கிச்சட்டை வந்து நிற்கிறது.

அடக்குமுறையில் தப்பி வந்தவர்கள் மீதே 'ஒழுங்கு' பாய்கிற கொடுமையும் நடந்தது. கான்ஸ்டபுலரி தொடங்குவதற்கு முன்பே, 1946 மார்ச் 29 அன்று, ஸ்டுட்கார்ட் நகரின் யூத அகதி முகாமில் கள்ளச்சந்தைச் சோதனை என்று ஜெர்மன் போலீஸ் புகுந்தது. அமெரிக்க மிலிட்டரி போலீசும் உடன் இருந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் சாகாமல் தப்பி வந்த ஒருவரை அன்று சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகு ஜெர்மன் போலீஸ் யூத முகாம்களுக்குள் நுழைவது தடை செய்யப்பட்டது. ஆனால் சோதனை நிற்கவில்லை. அகதி முகாம்களை விடியற்காலையில் சுற்றி வளைக்கிற வேலையைக் கான்ஸ்டபுலரி எடுத்துக்கொண்டது. கள்ளச்சந்தை நடத்திய பெரிய கைகள் எத்தனையோ இருக்க, முதலில் தட்டப்படுவது எப்பவும் முகாம் கதவுதான், சேரிக் கதவுதான்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மின்னல் போலீஸ் ஜெர்மன் சாலைகளில் இறங்கிய அதே 1946 ஜூலையில், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்கும் அண்ணல் அம்பேத்கருக்கும் இடையே கடிதம் போய் வந்தது. கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு மனு கொடுத்திருப்பதை அறிந்து, தீண்டப்படாதோரும் அப்படிச் செய்ய எண்ணுவதாகச் சொல்லி, அந்த மனுவின் பிரதிகளைக் கேட்டிருந்தார் அம்பேத்கர். ஜூலை 31 தேதியிட்டு டு போய்ஸ் பதில் எழுதினார். ஜெயித்த நாட்டின் குடிமகனும், விடுதலை வாசலில் நின்ற நாட்டின் தலைவரும், தங்கள் சொந்த நாட்டுக்கு எதிராக உலகத்திடம் நீதி கேட்க வேண்டிய நிலை. தளபதியின் 'நீதி' தோள் சின்னத்தோடு சரி. நமது நீதி அந்தக் கடிதத்திலே இருந்தது.

அண்ணலுக்குப் படை வரலாறு புத்தக அறிவு இல்லை. சுபேதாரின் மகன் அவர். மகர்களை வைத்துச் சண்டை போட்டு, 1818 கோரேகாவ் வெற்றியைத் தூணில் பொறித்த ஆங்கிலேயன், 1890களில் 'போர்க்குடி' தத்துவம் பேசி அதே மகர்களுக்குப் படைக் கதவைச் சாத்தினான். இன்னொரு உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்ட பிறகுதான், 1941இல், மகர் ரெஜிமெண்ட் வந்தது. தேவைப்படும்போது வீரன், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவன். 761ஆவது பட்டாளத்தின் கதையும் இதேதான்.

இங்கே நமது இயக்கத்துக்குள் நடக்கிற ஒரு விவாதத்தை நேராகவே எடுத்துக்கொள்வோம். "போலீசே நமக்கு எதிரி, அதிலே நம்ம பிள்ளைங்க எதுக்குச் சேரணும்?" என்கிறார்கள் சில தோழர்கள். "நம்மாளு ஒருத்தன் ஸ்டேஷனில் இருந்தா நம்ம புகாரையாவது வாங்குவான்" என்கிறார்கள் வேறு சிலர். 1995இல் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்து ஊரையே சூறையாடியதைப் பார்த்தவர்கள், 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 உயிர்களைப் பறிகொடுத்தவர்கள், முதல் தரப்பாரின் கோபத்தைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. வன்கொடுமைப் புகாரைப் பதிவு செய்யவே நாள்கணக்கில் அலைந்தவர்கள் இரண்டாம் தரப்பாரின் ஆதங்கத்தையும் தள்ள முடியாது.

குதிரைப்படை வரலாறு இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு பாடம் வைத்திருக்கிறது. சேணம் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கினால், அதில் உட்காருகிறவன் நம்மைக் குற்றவாளியாகவே பார்ப்பான். ஜெர்மனியில் கறுப்பனுக்கு அதுதான் நடந்தது. சேணம் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அந்த 9ஆவது, 10ஆவது ரெஜிமெண்டுகள் பல்லாண்டுகள் எங்கே அனுப்பப்பட்டன? அமெரிக்காவின் பூர்வகுடிகளை அவர்கள் நிலத்திலிருந்து விரட்ட! ஒடுக்கப்பட்டவனைக் குதிரையில் ஏற்றி இன்னொரு ஒடுக்கப்பட்டவன் மேலே விட்டார்கள். கடிவாளம் வேறொருவன் கையிலே இருந்தால், மேலே உட்கார்ந்திருப்பவன் நம்மாளாக இருந்தும் பயனில்லை.

எனவே நமது கோரிக்கை இரண்டும் சேர்ந்ததே. ஆளெடுப்பிலும், அதைவிட முக்கியமாக அதிகாரப் பதவிகளிலும் நமது பங்கு வேண்டும். அந்தப் பங்கு கிடைத்த பிறகும், சுற்றி வளைப்பதற்கும் தடியடிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் உத்தரவிடுகிறவன் பதில் சொல்லியாக வேண்டிய சட்டம் வேண்டும். ட்ரூமன் 1948 ஜூலையில் ராணுவத்தில் சம வாய்ப்புக்கு உத்தரவு போட்டார். ஐரோப்பாவில் இருந்த படையில் கறுப்பர், வெள்ளையர் கலப்பு முறையாகத் தொடங்கியது 1952இல். கான்ஸ்டபுலரியின் கடைசிப் பிரிவுகள் கலைக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். உத்தரவு வந்தது, படை முடிந்தது. நீதி மட்டும் கடைசி ரயிலில் வந்து சேர்ந்தது. காகிதத்தில் இருக்கிற உரிமை தானாக நடந்து தெருவுக்கு வராது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் மாப்பிள்ளை குதிரை ஏறினால் கல்லெறிகிறார்கள். 2018 மார்ச்சில் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வாங்கிச் சவாரி செய்ததுதான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது. குதிரை வெறும் மிருகம் என்றால் அதற்கு ஏன் இத்தனை கோபம்? உயரம் தங்களுடைய பிறப்புரிமை என்று நினைக்கிறவர்களுக்கு, நாம் நிமிர்ந்து உட்காருவதே கலகமாகத் தெரிகிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் மாவட்டக் காவல்துறையில் எந்தப் பதவியில் எத்தனை பேர் நம்மவர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் பகுதிச் சேரிகளில் நடந்த சோதனைகளையும் சுற்றிவளைப்புகளையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். முழக்கத்தை நம்பி ஏமாந்த காலம் போகட்டும். 'நீதி' என்று சின்னம் குத்திக்கொண்டு எவன் வந்தாலும் முதலில் லாயத்தைப் பார்ப்போம். பிறகு சேணத்தைப் பார்ப்போம். கடைசியாகக் கடிவாளம் யார் கையில் என்று கேட்போம்.

கேட்டுக்கொண்டே இருப்போம்.

– ஆசிரியர் குழு