ஸ்டிக்கர் ஒட்டினால் உடையாதா?

பார்சல் மேல் கண்ணாடிக் கோப்பை படம் போட்டுச் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அதற்கும் புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய்க்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பூசணிக்காயையாவது தெருவில் போகிறவன் நிமிர்ந்து பார்க்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு, ஒரே ஒரு பல்ப் எரியும் குடோனில், நாற்பதாவது மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும் மனிதர் எந்த ஸ்டிக்கரைப் படிப்பார்?

என் அக்கா நாக்பூரிலிருந்து மகன் வீட்டோடு போய்விட்டாள். அத்திம்பேர் 1967-ல் மாதத் தவணையில் வாங்கிய ரேடியோகிராம் அந்த ஃபிளாட்டில் நுழையாது என்று திருச்சிக்கு எனக்கு அனுப்பிவைத்தாள். சின்ன பீரோ அளவு. தேக்குப் பலகை, உள்ளே வால்வ் ரேடியோ, காரார்ட் சேஞ்சர், கீழே பெரிய ஸ்பீக்கர். இரண்டு பேர் தூக்கவேண்டும். பேக்கிங்கையும் பார்சல் கம்பெனியே செய்தது, அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டது. வந்து சேர்ந்தபோது ஸ்டிக்கர் ஆறும் அப்படியே பளபளவென்று இருந்தன. கால் ஒன்று இல்லை. பெட்டியின் மூலை வாய் பிளந்திருந்தது. சேஞ்சர் ஸ்பிரிங்கிலிருந்து கழன்று வால்வ்களின் மேல் கவிழ்ந்திருந்தது. பேக்கிங்கைப் பிரித்ததும் கண்ணாடித் தூள் கொட்டியது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். "சார், பேக்கிங் சரியில்லை, அதான்" என்றார் அந்தப் பக்கம் பேசியவர். பேக்கிங் செய்தது உங்கள் ஆட்கள்தானே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஓனர்ஸ் ரிஸ்க்குன்னு எல்.ஆர்.ல போட்டிருக்கே சார்" என்றார். கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

இந்தப் பதிவு அந்த ஒரு கம்பெனியைத் திட்டுவதற்கு இல்லை. உடைந்தால் அனுப்பியவன் தலையில் கட்டுவது என்பது இந்தத் தொழிலில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நாமும் "பழைய சாமான்னா அப்படித்தான்" என்று தலையாட்டிவிடுகிறோம். என் ஆத்திரம் அதன் மேல்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நான் தொலைபேசித் துறையில் இருந்தவன், கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 5 மில்லிமீட்டருக்குள் நின்றால், நிற்கிற அந்தக் கணத்தில் அது சுமார் 200 மடங்கு கனக்கும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் இரண்டு கிலோ டிரான்ஸ்ஃபார்மர் 400 கிலோ ஆகிவிடும். மெல்லிய தகட்டில் நாலு திருகு எப்படித் தாங்கும்? அதையே 25 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் மெத்தையில் விழவைத்தால் 40 மடங்கோடு போகும். பேக்கிங் என்பதே இவ்வளவுதான், நிற்கிற தூரத்தைக் கூட்டிக் கொடுப்பது. அட்டை சுற்றி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, டேப்பை இழுத்து ஒட்டுவது தூசிக்கு ஆகும், அடிக்கு ஆகாது. குமிழ்த் தாளும் கனமான சாமானுக்குப் பிரயோஜனமில்லை. முதல் நாளே குமிழெல்லாம் வெடித்துத் தட்டையாகிவிடும். தெர்மாகோல் ஒரு அடி தாங்கும், நொறுங்கும், இரண்டாவது அடிக்கு அங்கே வெறும் இடைவெளிதான் இருக்கும். அமுங்கி மறுபடி எழும் வெள்ளை ஃபோம் பலகைதான் சரி. அதையும் சுற்றிலும் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாகப் போடவேண்டும்.

வெளிப்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. ஒலிக்கருவிகளுக்குள்ளேயே உதிரிகள் ஆடும்படிதான் வைத்திருக்கிறார்கள். சேஞ்சர் ஸ்பிரிங்கில் மிதந்தால்தான் பாட்டு கேட்கும்போது அதிர்வு ஏறாது. அதனால்தான் வெளியூர் போகும்போது அதை அசையாமல் பூட்டி வைக்க, செய்தவனே திருகு கொடுத்திருக்கிறான். வால்வ் வெறும் ஊசிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கழற்றி எடுத்து, எது எங்கே என்று எழுதித் தனியாகச் சுற்றவேண்டும். டர்ன்டேபிளாக இருந்தால் சுழலும் தட்டைத் தூக்கி எடுத்துவிட வேண்டும், கையைக் கட்டவேண்டும், பின்னால் இருக்கும் எடையையும் கழற்றவேண்டும். பெரிய ஸ்பீக்கரில் இன்னொரு கண்டம். காந்தம் கனம், கூடு லேசு. பலமான அடி விழுந்தால் காந்தம் ஒரு மயிரிழை நகரும். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே காயில் உரசிக் கரகரக்கும்.

இதெல்லாம் ஏதோ ரகசிய வித்தை இல்லை. எங்கள் துறைக்குப் பெங்களூர் ஐ.டி.ஐ.யிலிருந்து ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச் சாமான்கள் வரும். ராக் தனி, செலக்டர்கள் தனி, எல்லாம் மரப்பெட்டி. சாலை அன்றைக்கு இன்றைக்கு இருப்பதில் பாதிகூட இல்லை. 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் கிராமபோன் தட்டும், அதை ஓட்ட ஊசியும் வைத்து அனுப்பினார்களே, அது 2,000 கோடி கிலோமீட்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. என் அக்காவின் ரேடியோகிராம் 1,400 கிலோமீட்டர் வரவில்லை. (அங்கே குடோன் இல்லை என்று என் பேரன் சொல்கிறான். சரியான பாயிண்ட்.)

சுமை தூக்குகிறவர்களைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். நாக்பூர் வீட்டு வாசலிலிருந்து என் வீட்டுத் திண்ணைக்கு வருவதற்குள் அந்தப் பெட்டி டெம்போ, குடோன், லாரி, இன்னொரு குடோன், மறுபடி லாரி என்று எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கும்? அவ்வளவு இடத்திலும் ஒரு கைவண்டி, ஒரு சாய்வுப் பலகை இருந்திருந்தால் போதும். லாரியின் தளம் இடுப்புக்கு மேலே இருக்கிறது. ஒற்றை ஆள் அந்தக் கனத்தை அங்கிருந்து இறக்கினால் கடைசி ஒரு அடி அது விழத்தான் செய்யும். அவர் முதுகும் அதோடுதான் போகிறது. மிச்சம் பிடித்தது முதலாளி, பழி கூலிக்காரருக்கு.

இனி அந்த "ஓனர்ஸ் ரிஸ்க்" முத்திரை. அதை ஏதோ பிரம்மாஸ்திரம் மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள். 1865-ஆம் வருஷத்துச் சட்டத்தை மாற்றி 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. சரக்கு கெட்டுப்போனால், கம்பெனியின் அலட்சியத்தை நாம் நிரூபிக்கவேண்டியதில்லை என்று பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. முத்திரை குத்திவிட்டதால் மட்டும் அலட்சியத்துக்கான பொறுப்பு போய்விடாது என்று உச்ச நீதிமன்றமே 2000-ல் சொல்லியிருக்கிறது.

ஆனால் வேறொரு இடத்தில் சட்டம் நம்மைக் கைவிடுகிறது. அதிகப்படி ரிஸ்க் கட்டணம் கட்டாதவனுக்கு, கொடுத்த கூலியில் பத்து மடங்கு வரைதான் நஷ்டஈடு. அதுவும் நாம் காட்டிய மதிப்புக்கு மேல் போகாது. அக்கா கையெழுத்துப் போட்ட தாளில் மதிப்பு என்ற கட்டத்தைக் கம்பெனி குமாஸ்தாவே நிரப்பியிருக்கிறார்: "பழைய மரச்சாமான், ரூ. 2,000." எண்பது வயதுக்காரியிடம், வாசலில் டெம்போ உறுமிக்கொண்டிருக்கும்போது, இங்கே போடுங்கள் மாஜி என்று பேனாவைக் கொடுத்திருக்கிறார்கள். அதிகப்படி கட்டணம் என்று ஒன்று இருப்பதையே யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. நூறு ரூபாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்க ஒரு நிமிஷம் இல்லை. கேட்டே ஆகவேண்டும், கேட்டதற்கு அடையாளமாகத் தனிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று விதி வந்தால் ஒழிய இது திருந்தாது.

வழக்குப் போடுவதானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும். இது தெரியாமல் போனிலேயே ஆறு மாதம் சண்டை போட்டு ஓய்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். டெலிவரித் தாளில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு, "கால் உடைந்திருக்கிறது, உள்ளே கண்ணாடிச் சத்தம்" என்று எழுதித்தான் நான் கையெழுத்துப் போட்டேன். வண்டிக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

நோட்டீஸ் போன வாரம் போயிருக்கிறது, போட்டோக்களோடும் பாலக்கரை மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டோடும். அவர் வால்வ்களுக்கு ஆள் சொல்லிவைத்திருக்கிறார். அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்கிறாள், "பாடறதாடா?" என்று.