கப்பல் மூழ்கிற்று; பாட்டு மூழ்கவில்லை!

பிரபு ஒருவர் இலண்டனுக்கு வந்தார்!

பவனி இல்லை, பல்லக்கு இல்லை, பாதை நெடுகத் தோரணமும் இல்லை. பண்ணை இல்லை, பங்களா இல்லை, பரம்பரையாக வந்த பட்டயமும் இல்லை. இருந்தது குரல் ஒன்று. அதுதான் அந்தப் பிரபுவின் குலச்சொத்து!

1948ஆம் ஆண்டு, ஜூன் 22. தேம்ஸ் ஆற்றின் முகப்பிலே, டில்பரித் துறைமுகம். 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலிலிருந்து, மேற்கிந்தியத் தீவுகளின் உழைப்பாளிகள் நூற்றுக்கணக்கிலே இறங்குகிறார்கள். பட்டாளத்தாருக்கென அமைந்த கீழ்த்தட்டிலே படுத்து வருவதற்குக் கட்டணம் 28 பவுன். கையிலே பெட்டி, தலையிலே தொப்பி, நெஞ்சிலே நம்பிக்கை! செய்திப்படம் எடுக்க வந்தவர்கள் அவர்களிலே ஒருவரை நிறுத்தி, "கலிப்சோ மன்னராமே நீர், பாடுமே பார்ப்போம்" என்கிறார்கள்.

பாடினார். 'இலண்டனே எனக்கேற்ற இடம்' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட பாட்டு. எப்போது கட்டிய பாட்டு அது? இலண்டன் தெருவிலே ஒரு நாள் நடந்து பார்த்துவிட்டா? இல்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டா? அதுவும் இல்லை. கரை சேருமுன்பே, கப்பலிலேயே கட்டிய பாட்டு!

நம்பிக்கை முந்திக் கொண்டது. அனுபவம் பிந்தி வந்தது.

யார் இந்தப் பிரபு? இயற்பெயர் ஆல்ட்வின் ராபர்ட்ஸ். டிரினிடாட் தீவின் அரீமா என்ற சிற்றூரிலே, 1922இல், கொல்லுப்பட்டறைத் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்தவர். கிடார் மீட்டக் கற்றுத் தந்தவரும் அந்தத் தந்தையே. பேசும்போது நாக்குத் தடுக்கும். பாடும்போதோ தடையே இராது! 14ஆம் வயதிலே தந்தையை இழந்தார், பள்ளிக்கூடம் முடிந்தது, பசி தொடங்கிற்று. கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? தண்ணீர்க் குழாய் பதிக்கும் கூலியாட்கள் மண் வெட்டும்போது, அவர்கள் அருகே நின்று கிடார் வாசிப்பது! ஏற்றக்காரனுக்குப் பாட்டு உண்டு, நாற்று நடுபவளுக்குப் பாட்டு உண்டு என்பதை அறிந்த நமக்கு அந்த வேலை விளங்காமற் போகாது. உழைப்பவனின் மூச்சுக்குத் தாளம் போட்டுத்தான் அவருடைய கலை வளர்ந்தது.

'கிச்சனர் பிரபு' என்பது கொட்டகையிலே கிடைத்த பட்டம். உண்மையான கிச்சனர் பிரபுவை உலகறியும். 1898இலே சூடான் நாட்டின் ஓம்டர்மன் களத்திலே பீரங்கி முழக்கியவர். 1902 முதல் 1909 வரை இந்தியாவின் படைத்தலைவராக வீற்றிருந்தவர். அந்தப் பெயரை எடுத்து, கறுத்த மேனியுடைய ஒரு கொல்லர் மகனுக்குச் சூட்டினார்கள் தீவின் பாட்டுக்காரர்கள். கேலியா? கேலிதான்! ஏகாதிபத்தியத்தின் பட்டத்தை எடுத்து ஏழையின் தலையிலே வைத்து, "எப்படி இருக்கிறது, பார்" என்று கேட்கும் கேலி.

கலிப்சோ என்பது அத்தகைய கலை. திருவிழாக் காலத்திலே, கொட்டகை போட்டு, ஊர்ச் செய்தியை, ஆள்வோரின் ஊழலை, அண்டை வீட்டு வம்பை, கூலிக்காரனின் குறையைப் பாட்டாகக் கட்டிப் பாடுவது. ஏடு வாங்கக் காசில்லாதவனுக்கு அதுவே ஏடு. அதனாலேதான், 1934இலே, பாட்டின் சொற்களைக் காவல்துறை தணிக்கை செய்வதற்கு வழி வகுத்து, அங்கே சட்டமே போட்டார்கள். வெறும் பொழுதுபோக்கு என்றால் சட்டம் எதற்கு? போலீஸ் எதற்கு? பாட்டுக்குப் பயந்தது பீரங்கி வைத்திருந்த சர்க்கார்!

அந்தப் பாட்டுக்காரர்தான் 26ஆம் வயதிலே இலண்டனில் இறங்கினார். இலண்டன் என்ன சொல்லிற்று?

அதே ஜூன் 22ஆம் நாள், பாராளுமன்ற உறுப்பினர்கள் 11 பேர் பிரதமர் அட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். இப்படிக் கறுப்பர்கள் வந்து குவிவது நாட்டின் நல்வாழ்வுக்கு ஆகாது, தடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். யார் அந்த 11 பேர்? நிலப்பிரபுக்களின் கட்சியா? அல்ல. சீமான்களின் கட்சியா? அல்ல. தொழிற்கட்சிக்காரர்கள்! தொழிலாளரின் ஓட்டு வாங்கி வென்றவர்கள்! தோழர்களே, இதை மறவாதீர்கள். தொழிலாளி என்ற சொல்லைத் தன் நிறத்தோடு நிறுத்திக் கொள்கிறவன், அந்தச் சொல்லையே பாதியாக வெட்டிவிடுகிறான்.

தங்க இடமில்லாத இருநூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கிளாப்பம் சவுத் என்ற இடத்திலே, போர்க்காலத்தில் குண்டுக்கு அஞ்சி மக்கள் பதுங்கிய பாதாள அறையிலே படுக்க வைத்தார்கள். விடிந்ததும் வேலை தேடினார்கள். வேலை இருந்தது, ஏராளமாக இருந்தது. போரிலே நொறுங்கிய நாடு அது. இரயிலுக்கு ஆள் வேண்டும், பஸ்ஸுக்கு ஆள் வேண்டும். 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவைக்கு ஆள் வேண்டும். கைகளை வரவேற்றது நகரம். அந்தக் கைகளுக்கு உரிய மனிதன் மாலையிலே வாடகைக்கு அறை கேட்டுக் கதவைத் தட்டினால்? 'கறுப்பருக்கு இடமில்லை' என்று அட்டை தொங்கிற்று!

கிச்சனர் பிரபு இரவு விடுதிகளிலே பாடினார். இரண்டாண்டுக்குள் பி.பி.சி. வானொலியிலே அவர் குரல் ஒலித்தது. இசைத்தட்டுகள் வெளிவந்தன. கைதட்டல் கிடைத்தது. கைதட்டலிலே மயங்கி, வெள்ளை மாளிகைகளின் விருந்துப் பாடகராக அவர் நின்றுவிட்டிருந்தால், இன்று நாம் அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அவர் என்ன பாடினார் என்பதைப் பாருங்கள்.

நிலத்துக்கடியிலே ஓடும் இரயிலிலே புதிதாய் வந்தவன் திகைத்துத் திண்டாடுவதைப் பாடினார். வாடகைக்கும் மேலே, குடியிருப்பவன் வாழ்விலே மூக்கை நுழைக்கும் வீட்டுக்காரியைப் பாடினார். ஊரை விட்டு வந்தோமே என்று குளிரிலே ஏங்கும் ஜமைக்காக்காரனின் ஏக்கத்தைப் பாடினார். 1950களின் தொடக்கத்திலே வந்த இந்தப் பாடல்களை வரிசையாக வைத்தால், டில்பரித் துறையிலே பாடிய பாட்டுக்கு அவரே எழுதிய மறுபக்கம் அது! பெரிய ஏடுகள் எழுதாததை இசைத்தட்டு எழுதிற்று.

இன்னொரு பாட்டு உண்டு. 'நீ வெள்ளையன் இல்லையென்றால் கறுப்பன்தான்' என்பது தலைப்பின் கருத்து. யாரை நோக்கிப் பாடினார்? வெள்ளையரை நோக்கியா? இல்லை! தம்மவரிலேயே சற்று வெளிறிய மேனி படைத்தவர், கறுத்தவரைக் கண்டால் முகம் திருப்பிப் போகிறாரே, அவரை நோக்கி! மாற்றானைச் சாடினால் கைதட்டல் நிச்சயம். தம்மவரின் குறையைத் தம்மவர் கூடியிருக்கும் இடத்திலேயே பாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த உரம் அவருக்கு இருந்தது.

மகிழ்ச்சியும் இருந்தது. 1950 ஜூன் 29. இலண்டன் லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்தை 326 ரன்களில் தோற்கடித்தது மேற்கிந்தியத் தீவுகளின் அணி. இங்கிலாந்து மண்ணிலே அவர்கள் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி! வீழ்ந்த 20 விக்கெட்டுகளிலே 11 ராமதீனுடையவை, 7 வாலன்டைனுடையவை. கிச்சனர் கிடாரை ஏந்தி முன்னே செல்ல, பாட்டும் ஆட்டமுமாக மைதானத்தையே வலம் வந்தது அந்தச் சிறு கூட்டம். அவரோடு கப்பலில் வந்த 'பிகினர் பிரபு' அந்த வெற்றியைப் பாட்டாக்கினார். அந்த ராமதீன் யார்? இந்தியாவிலிருந்து கூலிகளாக டிரினிடாட் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர். 1845இலே தொடங்கிய அந்தக் கூலிக் கப்பல்களிலே, சென்னைத் துறையிலிருந்து புறப்பட்டவையும் உண்டு. ஆகவே, தோழர்களே, அந்த மைதானத்திலே ஆடியது அயலாரின் கூட்டம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

ஆப்பிரிக்காவின் கானா 1957 மார்ச் 6இலே விடுதலை பெற்றபோதும், அந்தப் பிறப்பை வாழ்த்திப் பாடினார். தீவிலே பிறந்து, இலண்டனிலே பிழைத்து, ஆப்பிரிக்காவின் விடுதலையிலே தம் விடுதலையைக் கண்டவர்!

ஆனால், பாட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுமா? மாற்றவில்லை. உள்ளதை ஒளிக்காமல் எழுதுகிறோம். 1958இலே நாட்டிங் ஹில் பகுதியிலே வெள்ளை வெறிக் கும்பல் கறுப்பரின் வீடுகளைத் தாக்கிற்று. அந்த ஆண்டிலே கிச்சனர் மான்செஸ்டர் நகரிலே சொந்தமாக இரவு விடுதி தொடங்கியிருந்தார். தாக்குண்டவர்கள் எப்படிப் பதில் சொன்னார்கள்? டிரினிடாடிலே பிறந்த பத்திரிகை ஆசிரியை கிளாடியா ஜோன்ஸ், 1959 ஜனவரி 30இலே, செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்திலே தம் மக்களின் திருவிழாவை நடத்திக் காட்டினார். கல்லுக்குப் பதில் இசை! கலவரத்துக்குப் பதில் கலை!

ஆயினும் சட்டம் வந்தது. 1962 ஜூலையிலே, காமன்வெல்த் மக்கள் பிரிட்டனுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 31இலே, டிரினிடாட் விடுதலை பெற்றது. ஒரு கதவு சாத்தப்பட்டது. இன்னொரு கதவு திறந்தது! அந்த ஆண்டிலேயே கிச்சனர் தாயகம் திரும்பினார். 1963 முதல் 1976 வரை, திருவிழா ஊர்வலத்திலே அதிகமாக முழங்கிய பாட்டு என்ற பரிசை 10 முறை வென்றார். 2000 பிப்ரவரி 11இலே மறைந்தார்.

கதை முடிந்ததா? முடியவில்லை.

1948இலும் அதற்குப் பின்னும் வந்தவர்கள் பிரிட்டனிலே உழைத்தார்கள், வரி கட்டினார்கள், கிழவர்களானார்கள். பெற்றோரோடு குழந்தைகளாக வந்தவர்களும் அவர்களிலே உண்டு. 1973க்கு முன்பே குடியேறியவர்களுக்கு அங்கேயே வாழும் உரிமையைச் சட்டம் வழங்கியிருந்தது. ஆனால் கையிலே தாள் கொடுக்கவில்லை! பின்னாளிலே, வேலைக்கும் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும், "தாள் எங்கே?" என்று கேட்கத் தொடங்கியது அதே அரசு. அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் பதிவுச் சீட்டுகள் அரசிடமே இருந்தன. 2010இலே அவற்றை அழித்துவிட்டார்கள்! சான்றை அழித்த கை, சான்று கேட்டு நீண்டது. வேலை இழந்தார்கள், வீடு இழந்தார்கள், சிறைப்பட்டார்கள். குறைந்தது 83 பேர் முறைகேடாக நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள். 2018இலே உண்மை வெடித்தது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

எண்ணிப் பாருங்கள். அந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் 1954இலே தீப்பிடித்து மத்தியதரைக் கடலிலே மூழ்கிற்று. வந்தவர்களின் சீட்டுகள் 2010இலே குப்பையாயின. கப்பலும் இல்லை, காகிதமும் இல்லை. மிஞ்சியது எது? கொல்லர் மகன் டில்பரியிலே பாடிய பாட்டு! செய்திப்படத்திலே இன்றும் அவர் நிற்கிறார், இன்றும் பாடுகிறார். நாங்கள் வந்தோம், நம்பி வந்தோம், இன்ன நாளிலே இன்ன துறையிலே இறங்கினோம் என்பதற்கு, எந்த அலுவலகமும் கிழித்தெறிய முடியாத சாட்சி அது.

பாட்டு வாடகையைக் குறைக்கவில்லை. சட்டத்தைத் தடுக்கவில்லை. அவற்றைச் செய்ய அமைப்பு வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால், உழைத்தவன் இருந்தான் என்பதையே இல்லையென்று சொல்லும் நாள் வரும்போது, அமைப்புக்குக் கையிலே ஆதாரம் வேண்டும். உழைப்பாளியின் பாட்டு அந்த ஆதாரம்.

ஆகவே தோழர்களே, இரண்டு காரியம் செய்வோம்.

கூட்டம் தொடங்குமுன், ஆள் சேரும் வரையிலே பாடுகிறாரே ஒரு தோழர், அவரைப் பேச்சாளர் வரும்வரை நேரம் போக்குபவர் என்று எண்ணுவதை விட்டொழிப்போம். அவர் பாடுவதை எழுதி வைப்போம். அவருடைய வண்டிச் சத்தத்தையும் சாப்பாட்டையும் மறவாமல் கொடுப்போம்.

நம் தெருவுக்குப் பிழைப்புத் தேடி வந்து, நமக்குப் புரியாத மொழியிலே, நாள் முழுதும் சுமை தூக்கிய களைப்பிலே, இரவிலே ஒருவன் பாடினால், சன்னலைச் சாத்தாதிருப்போம். சற்று வெளிறியவன் சற்றுக் கறுத்தவனைப் பார்த்து முகம் திருப்பிய பழியை நாமும் சுமக்க வேண்டாம்.

பிரபு ஒருவர் இலண்டனுக்கு வந்தார் என்று தொடங்கினோம். பட்டயம் பெற்ற பிரபுக்கள் அந்த நகரிலே எத்தனையோ பேர் இருந்தார்கள். பாட்டாளியின் வாயிலே வாழும் பிரபு அவர்!