ஒரகடத்து பைக்குக்கு டர்போ வேண்டாம், ஒரு பல் குறைந்தால் போதும்

லடாக் கனவோடு பைக் வாங்குகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் எவனாவது ஒருத்தன் ஆரம்பித்துவிடுவான்: "டர்போ மாட்டிட்டா மலையில பறக்கும் மச்சி!" கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உதைக்கிறது.

முதலில், வண்டி ஏன் மேலே போய் மூச்சு வாங்குகிறது? ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் 2013-லும், வல்லம் வடகாலில் 2017-லும் ஆலை தொடங்கியது. 2016-ல் வந்த ஹிமாலயன் 411 சிசி, 24.5 குதிரைசக்தி. 2023 நவம்பரில் வந்த 450-க்கு ஏறத்தாழ 40. இதெல்லாம் கடல் மட்டத்துக் காற்றுக்கான எண்கள். கர்துங் லாவில் (போர்டில் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள், சரியாக அளந்தால் சுமார் 17,580 தான்!) காற்றின் அடர்த்தி அறுபது சதவீதத்துக்கும் கீழே. இன்ஜின் இழுக்கிற ஆக்சிஜனும் அவ்வளவுதான். அங்கே 40 என்பது சுமார் 23 ஆகிவிடும், 24.5 என்பது 14.

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுத்துப்போகும். ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அதுவும் வரவழைக்க முடியாது.

டர்போவால் முடியும். அதை மறுப்பதற்கில்லை. 1918-லேயே சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் ஒரு விமான இன்ஜினை அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைக்கு, 14,000 அடிக்கு மேலே, கொண்டுபோய்க் காட்டினார். கீழே 350 குதிரைசக்தி தந்த இன்ஜின் மேலே 230-க்கு இறங்கியது. டர்போ மாட்டியதும் 356! ஒரகடத்திலேயே பாரத்பென்ஸ் லாரிகள் டர்போவோடுதான் வெளியே வருகின்றன. அப்புறம் பைக்குக்கு மட்டும் ஏன் கூடாது?

லாரிக்கு ஆறு சிலிண்டர், நாலு சிலிண்டர் இருக்கும். டர்பைனுக்குப் புகை விடாமல் கிடைக்கும். ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் புகை தள்ளும். ஹேர்பின் வளைவில் த்ராட்டிலை முறுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரும்போது மொத்தமாக வரும். ஜல்லியும் பனியும் கிடக்கிற ரோட்டில் அது உதவி இல்லை, ஆபத்து.

அடுத்தது கம்ப்ரெஷன். ஹிமாலயன் 450-க்கு அது 11.5. 1982-ல் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போவைக் கொண்டுவந்தபோது 7.2-க்கு இறக்கி, இன்ஜினையே மாற்றியமைத்தது. கடையில் வாங்கிய கிட்டை அப்படியே மாட்டினால் மலை ஏறுவதற்கு முன்னாலேயே, வேலூர் வெயிலில், நாக்கிங் வந்து பிஸ்டன் போய்விடும். ஹோண்டாவோடு யமஹா, சுசுகி, கவாசாகி நாலுமே எண்பதுகளில் டர்போ பைக் செய்து பார்த்து, சில வருஷத்தில் விட்டுவிட்டன. விலை, எடை, சிக்கல்... லாபம் எங்கே?

இப்போது மலிவான வழி. முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல் இருந்தால் 14 ஆக்குங்கள். சக்கரத்துக்குப் போகிற இழுவை 7 சதவீதம் கூடும். போன குதிரைசக்தி திரும்பாது, உண்மை. ஆனால் முதல் கியரில் வண்டி இன்னும் மெதுவாக ஊர்ந்து ஏறும். கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்ட வேண்டியதில்லை. பின்னால் ஆளும் மூட்டையும் இருக்கும்போது கணவாயில் கிளட்ச் பிளேட் கருகினால் ஒர்க்‌ஷாப்புக்கு எங்கே போவது? இழப்பது டாப் ஸ்பீடு மட்டும். அந்த ரோட்டில் அது யாருக்கு வேண்டும்?

இங்கேதான் கம்பெனிகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி சொன்ன அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. வாரண்டி பயம் வேறு. அதனால் மலைக்கான வண்டி என்று விற்கிற எந்தக் கம்பெனியும் இரண்டு விஷயம் செய்யட்டும். ஒரு பல் குறைந்த ஸ்பிராக்கெட்டை வாரண்டி போகாத துணைப்பொருளாகவே விற்கட்டும். விளம்பரத்தில் 40 என்று போடும் இடத்தில், 15,000 அடியில் எவ்வளவு என்பதையும் அச்சிடட்டும்.

மாதத் தவணை கட்டி வண்டி வாங்குகிறவனுக்கு அந்த இரண்டாவது எண் தெரிந்தால், டர்போ கிட்டுக்கு வைத்திருந்த காசு பெட்ரோலுக்கு மிச்சமாகும்.