முந்திரி காய்க்க 3 வருஷம்... அதுவரை நிலம் கையில் இருக்குமா? நெய்வேலி விவசாயிகளின் கேள்வி

நெய்வேலின்னாலே பழுப்பு நிலக்கரிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, சுரங்கத்தைச் சுற்றி நெல், முந்திரி, பலா எனப் பெரிய விவசாயப் பகுதியே இருக்கு. இவர்களுக்கு அரசு சொல்லும் ஆலோசனை எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

யார் வழிகாட்டுகிறார்கள்?

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது பக்கத்தில் உள்ள புதுச்சேரியில்தான். கடலூர் மாவட்டத்துக்கான நிலையம் விருத்தாசலத்தில் இருக்கிறது. 'வி.ஆர்.ஐ. 3' போன்ற முந்திரி ரகங்களைத் தந்த மண்டல ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். கிராமத்துக்கு நேரில் வருபவர் உதவி வேளாண்மை அலுவலர். போனில் உழவன் செயலி.

'தானே' புயலுக்குப் பிறகு...

2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயல், முந்திரி, பலா தோப்புகளை வேரோடு சாய்த்தது. மறுநடவுக்கு ஒட்டுக்கன்று, கவாத்து, அடர்நடவு போன்ற முறைகள் கைகொடுக்கும். 7 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு சுமார் 200 கன்று. 5-க்கு 4 மீட்டர் அடர்நடவில் 500 கன்று. ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வர சுமார் 3 ஆண்டு ஆகும்.

சரி, சிக்கல் எங்கே?

அந்த 3 ஆண்டில்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில், என்.எல்.சி. கால்வாய்ப் பணிக்காக விளைந்து நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டதுதான் என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

இயற்கை உரம், மண் வளம், மரப்பயிர் எல்லாமே இன்னைக்குச் செலவு பண்ணி, சில வருஷம் கழிச்சுப் பலன் பார்க்கிற விஷயம். நிலம் நிலைக்குமான்னு தெரியாதவர் அந்தச் செலவைச் செய்வாரா? யூரியாவைப் போட்டு இந்தப் போக விளைச்சலை எடுத்தாப் போதும்னுதானே நினைப்பார்?

தண்ணீரும் இதே கதைதான். சுரங்கத்துக்காக நிலத்தடி நீர் தொடர்ந்து இறைக்கப்படுகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை நம்பியே பாசனம் செய்யும் வயல்களும் உண்டு.

என்ன செய்யலாம்?

எந்த நிலம் எப்போது தேவைப்படும் என்ற விவரம் விவசாயிக்கும், ஆலோசனை சொல்லும் அலுவலருக்கும் முன்கூட்டியே தெரியணும். நிலைக்கும் நிலத்தில் முந்திரி வைக்கலாம். சந்தேகம் உள்ள இடத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் மடக்கி உழுது, அடுத்த போகத்திலேயே பலன் பார்க்கலாம். நிலத்தின் ஆயுளைக் கணக்கில் எடுக்காத ஆலோசனை, எவ்வளவு நல்லதா இருந்தாலும் வயலுக்கு வந்து சேராது.

பயிர் சந்தேகங்களுக்கு விவசாயிகள் அழைக்க வேண்டிய கட்டணமில்லா எண்: 1800-180-1551.