மின் நிலையக் கழிவுநீரில் மீன் பிழைக்குமா? சோதித்துச் சொல்லுங்கள்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மீனவர்களும் உழவர்களும் நீரியல் படித்தவர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின் நிலையங்களும், பரங்கிப்பேட்டை அருகே உள்ள 1,200 மெகாவாட் நிலக்கரி மின் நிலையமும் வெளியேற்றும் நீரை வேதிப் பரிசோதனையோடு விட்டுவிடக் கூடாது. அதில் உயிரினங்களை விட்டு, அவை சாகின்றனவா, வளர்கின்றனவா, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றனவா என்று தொடர்ந்து சோதிக்க வேண்டும். முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும்.

மீனைக் கொண்டு சோதிப்பது நாட்டின் சட்டத்துக்குப் புதிதல்ல. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணை இதைச் சொல்கிறது: வேறு நீர் சேர்க்காத கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 விழுக்காடு, 96 மணி நேரம் கழிந்தும் உயிரோடு இருக்க வேண்டும். ஆனால் அனல் மின் நிலையங்களுக்கு முதல் அட்டவணையில் தனி வரம்புகள் வகுத்தபோது இந்தச் சோதனை அங்கே இடம்பெறவில்லை. பாய்லரிலிருந்து வரும் கழிவுநீரில் செம்பும் இரும்பும் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குளிர்கோபுரக் கழிவுநீரில் குளோரினுக்கும் துத்தநாகத்துக்கும் குரோமியத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் வரம்பு உண்டு. சாம்பல் குளத்திலிருந்து வெளிவரும் நீருக்கோ மூன்றே அளவுகள்தான்: அமில-காரத் தன்மை, மிதக்கும் திடப்பொருள், எண்ணெயும் கிரீசும். பாதரசம், ஆர்செனிக், செலினியம் எதுவும் அந்த வரிசையில் இல்லை. நிலக்கரிச் சாம்பலில் அஞ்ச வேண்டியவை இவைதான் என்பது உலகறிந்த செய்தி.

பட்டியலில் உள்ள பொருள்கள் எல்லாம் வரம்புக்குள் இருந்தாலும் நீர் நஞ்சாக இருக்க முடியும். இரண்டு மூன்று உலோகங்கள் சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனித்துச் செய்யாத கேட்டைச் செய்யலாம். மென்னீரில் செம்பு மீனுக்கு அதிகம் கெடுதல் செய்யும்; கடின நீரில் அதே அளவு செம்பின் வீரியம் குறையும். கருவி ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அளக்கிறது. மீனின் செவுளோ எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கிக்கொள்கிறது.

அதற்காக, 96 மணி நேரச் சோதனையைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி இருக்கிறது. 1970-களின் நடுவில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தின் சாம்பல் குளத்து நீர் அதில் கலந்தது. அதிலிருந்த செலினியம் நுண்ணுயிர்கள், பூச்சிகள் வழியாக மீன்களுக்குப் போய், முட்டைகளில் சேர்ந்தது. வளர்ந்த மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. அடுத்த தலைமுறை தப்பிப் பிழைக்கவில்லை. சில ஆண்டுகளில் ஏரியின் 20 மீன் இனங்களில் 19 அற்றுப்போயின. நான்கு நாள் சோதனையில் அந்த நீர் எளிதாகத் தேறியிருக்கும். ஆகவே குஞ்சு பொரிப்பையும் வளர்ச்சியையும் பார்க்கும் நீண்ட காலச் சோதனையும், மீன், மட்டி ஆகியவற்றின் தசையில் சேர்ந்த உலோக அளவும் கட்டாயமாக வேண்டும்.

நீர் மாதிரி எடுக்கும் முறையிலும் எங்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு. குழாய்களில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்கக் குளோரின் போடுகிறார்கள். அது சிறிது நேரத்தில் காற்றோடு போய்விடும். கேனில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அங்கே மீன் நன்றாகவே இருக்கும்; அதற்குள் கழிமுகத்தில் இறால் குஞ்சு செத்திருக்கும். வெப்பமும் அப்படியே: ஆய்வகத்தில் நீரை ஆறவைத்துத்தான் சோதனையைத் தொடங்குகிறார்கள். குளோரின் போடும் நேரத்தில், வெளியேறும் வாயிலிலேயே, ஓடும் நீரில் சோதனை நடக்க வேண்டும்.

எந்த உயிரைக் கொண்டு சோதிப்பது? ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜீப்ரா மீன் நன்னீர் மீன். உப்பு நீரில் அது பயன்படாது. பரங்கிப்பேட்டையை ஒட்டிய வெள்ளாற்றுக் கழிமுகத்திலும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற பிச்சாவரத்திலும் வாழ்பவை மடவை, கொடுவா, வெள்ளை இறால், மட்டி. அவற்றின் குஞ்சுகளையும் முட்டைப்புழுக்களையும் கொண்டு சோதிக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பல பத்தாண்டுகளாக இந்தக் கழிமுகத்தை ஆராய்ந்துவருகிறது. அறிவைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

பரவனாற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைத்து விடும் நீர் அந்த ஆற்றில் ஓடி, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கும் பயன்பட்டு, கடைசியில் கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றோடு சேர்கிறது. உழவர்களுக்கு இந்த நீர் வேண்டும். அதை நிறுத்தச் சொல்ல நாங்கள் வரவில்லை. வயலுக்கும் ஏரி மீனுக்கும் போகும் நீர் என்பதால்தான் இன்னும் கடுமையாகச் சோதிக்கச் சொல்கிறோம். உப்பனாற்றங்கரையில் சிப்காட் ஆலைகளும் இருப்பதால் பழியை ஒருவர் மேல் ஒருவர் போடுவது எளிது. வெளியேறும் வாயில், அதற்கு மேல்புறம், கீழ்புறம் என்று மூன்று இடத்திலும் ஒரே நாளில் நீர் எடுத்தால் அந்தச் சாக்குக்கு இடமிருக்காது.

பரங்கிப்பேட்டை நிலையத்துக்கு 2010-இல் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை, வட்டாரத்தின் மற்ற ஆலைகளோடு சேர்த்து ஒட்டுமொத்தப் பாதிப்பைக் கணக்கிட்டு மறுபடி பார்க்கும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2012-இல் சொன்னது. நெய்வேலி மாசு குறித்த ஆய்வறிக்கை ஒன்று 2023-இல் வெளியானதும், தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தீர்ப்பாயம் கேட்ட அந்த ஒட்டுமொத்தப் பாதிப்பை, அதாவது எல்லாக் கழிவும் கலந்த பின் நீர் உயிருக்கு என்ன செய்கிறது என்பதை, உயிர்ச் சோதனை நேரடியாகக் காட்டும்.

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் இந்த நிலையங்களின் இசைவாணையைப் புதுப்பிக்கும்போது இந்தச் சோதனைகளை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கோருகிறோம். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் ஒரு முறை, இடைப்பட்ட காலத்தில் இரு முறை நடக்கட்டும். செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது வாரியமாக இருக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஊராட்சி, மீனவர் பஞ்சாயத்து, பாசன சங்கத்தின் ஆள்கள் உடனிருக்க வேண்டும். நீர் தேறாவிட்டால் எந்தப் பொருளால் தேறவில்லை என்று கண்டுபிடித்து, அதை நீக்கும்வரை அந்த வாயிலை மூட வேண்டும். முடிவுகளைத் தமிழில், முப்பது நாளுக்குள், ஊராட்சி அலுவலகத்திலும் மீன் இறங்குதளத்திலும் ஒட்ட வேண்டும்.