நம்மவர் செய்தாலும் கொடுமை கொடுமையே!

1945ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள், போலந்து நாட்டிலிருந்த அவுஷ்விட்ஸ் வதைமுகாமினுள் சோவியத் படைகள் நுழைந்தன. ஹிட்லரின் ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்த கொடுமைக்கு அம்முகாம் அழியாச் சான்றாய் நிற்கின்றது. அந்நாளையே ஐக்கிய நாடுகள் சபை 2005இல் நினைவு நாளாகப் பிரகடனம் செய்தது.

அக்கொடுமை ஒரே நாளில் முளைத்ததன்று. 1933இல் யூதரின் கடைகளைப் பகிஷ்கரித்தனர். 1935இல் சட்டம் இயற்றிக் குடியுரிமையைப் பறித்தனர். 1938இல் தொழுகைக் கூடங்களுக்குத் தீயிட்டனர். ஒவ்வொரு படியிலும் அயலாரிற் பெரும்பாலோர் வாளாவிருந்தனர். வாளாவிராத அயலாரும் உண்டு. 1943இல் டென்மார்க் மக்கள் 7,000க்கும் மேற்பட்ட யூதரைப் படகேற்றிச் சுவீடனுக்கு அனுப்பிக் காத்தனர்.

பாலஸ்தீன மக்களின் அவலங் கண்டு கொதிக்கும் கல்முனைக்கு இக்கதை எதற்கு என வினவுவோர் இருக்கலாம். ஒரு மக்களின் கண்ணீரை ஏற்பதற்கு மற்றொரு மக்களின் கண்ணீரை மறுக்க வேண்டியதில்லை என்பதே நம் விடை. இப்பாடம் நம் கரைக்கே மிகவும் வேண்டுவது.

1990 ஓகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுது நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். 11ஆம் நாள் இரவு தொடங்கி 12ஆம் நாள் புலர்வதற்குள் ஏறாவூரிலும், பெண்டிர் பிள்ளைகள் என்றும் பாராது, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அதே 12ஆம் நாள், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். கொன்றோருள் முஸ்லிம் ஊர்காவற் படையினரும் இருந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் விரட்டினர்.

இன்று ஏறாவூருக்காக முஸ்லிம்கள் அழுகின்றனர். வீரமுனைக்காகத் தமிழர் அழுகின்றனர். தம் இறந்தோருக்காக அழுவது இயல்பு. அதற்குத் துணிவு வேண்டுவதில்லை. நம்மவர் கையால் மாண்டவருக்காக வாய் திறப்பதே அறம்.

அஃது ஆகாத காரியமன்று. கொரோனாவால் மாண்ட முஸ்லிம்களின் ஜனாஸாக்களை 2020இல் அரசு வலிந்து எரித்தது. 2021 பெப்ரவரி 3இல் பொத்துவிலிற் புறப்பட்டு 7ஆம் நாள் பொலிகண்டியை அடைந்த பேரணியில், அக்கொடுமையை எதிர்த்தும் தமிழர் குரல் எழுப்பினர். முஸ்லிம்கள் உடன் நடந்தனர். அம்மாதம் முடியுமுன் நல்லடக்கத்துக்கு அனுமதி வந்தது. பேரணி ஒன்றினாலேயே வந்தது என்று சொல்லோம். ஆயினும், அயலானின் துயருக்காக நடந்த கால்களை மக்கள் மறக்கவில்லை.

இரு சமூகத் தலைவர்களையும் நாம் கேட்பது ஒன்றே. வரும் ஓகஸ்ட் 12இல் கல்முனையின் தமிழ்த் தலைவர்கள் ஏறாவூருக்குச் செல்லட்டும். முஸ்லிம் தலைவர்கள் வீரமுனைக்குச் செல்லட்டும். மேடையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். எம்மவர் செய்தது கொடுமை என்ற ஒரு சொல் போதும். அதனைச் சொல்ல நாணுவோர்க்கு, ஹிட்லரின் காலத்தில் வாளாவிருந்த அயலாரைப் பழிக்கும் உரிமை இல்லை.